பைக்கில் நாடு தாண்டிப் போக: கிளம்புவதற்கு முந்தைய ஓராண்டு

நெடும்பயண ஆசை வந்ததும் எல்லோரும் முதலில் போவது பைக் ஷோரூமுக்கு. அங்கே கடைசியாகப் போனால் போதும். உங்களை எந்த எல்லையில் உள்ளே விடுவார்கள், உங்கள் வண்டியை எந்த எல்லையில் விடுவார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்தால்தான் பாதை முடிவாகும். பாதை முடிவானால் எந்த மாதம் கிளம்புவது என்று தெரியும். வண்டி, பெட்டி, ஜாக்கெட் எல்லாம் அதற்கு அப்புறம்.

தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட சொந்த வண்டியோடு மத்திய ஆசியா வழியாக ஐரோப்பா வரை போக நினைக்கும் புதியவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், உஸ்பெகிஸ்தான், கஜகஸ்தான், ரஷ்யா, ஜார்ஜியா, துருக்கி என்று நீளும் பாதை இது. வேறு பக்கம் போகிறவர்களுக்கும் வேலைகளின் வரிசை பெரிதாக மாறாது.

முதல் வேலை: திறந்திருக்கும் எல்லைகளைக் கண்டுபிடிப்பது

வரைபடத்தில் சாலை இருக்கிறது என்பதற்காக அதில் போக முடியும் என்று நினைக்காதீர்கள். நம் நாட்டையே எடுத்துக்கொள்வோம். மேற்கே பாகிஸ்தான் வழி இந்தியருக்கு நடைமுறையில் இல்லை. கிழக்கே மணிப்பூரின் மோரே வழியாக மியான்மருக்குள் போய் தாய்லாந்து வரை ஓட்டியவர்கள் உண்டு; 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு அந்த வழியை நம்பித் திட்டம் போட முடியாது. வடக்கே நேபாளம் வழியாக திபெத்துக்குள் போகலாம் என்றால், சீனாவில் வெளிநாட்டு வண்டி ஓட்ட முன் அனுமதி, தற்காலிக உரிமம், கூடவே வரும் வழிகாட்டி எல்லாம் வேண்டும். செலவு பல பேர் பங்கு போட்டால்தான் தாங்கும். ஆகவே பெரும்பாலானவர்களுக்கு "சாலைப் பயணம்" தொடங்குவது சரக்கு விமானத்திலோ கப்பலிலோதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தப் பக்கமும் இதே கதைதான். ஆர்மீனியா – துருக்கி எல்லை 1993 முதல் மூடியிருக்கிறது. அஜர்பைஜான் 2020ல் கொரோனாவுக்காக மூடிய தரை எல்லைகளைப் பல ஆண்டுகள் கழிந்தும் பயணிகளுக்குத் திறக்கவில்லை; காஸ்பியன் கடலைப் படகில் கடந்து பாகூ போகும் பழைய வழி அதனால் அடிபட்டது. கஜகஸ்தானிலிருந்து ரஷ்யாவின் அஸ்த்ரகான் போய், விளாடிகவ்காஸ் தாண்டி, மலை வழியே ஜார்ஜியாவில் இறங்கும் சுற்றுவழி பிரபலமானதற்கு இதுவும் ஒரு காரணம். நல்ல பக்கமும் உண்டு. மோதல்களால் 2021 முதல் மூடிக் கிடந்த கிர்கிஸ்தான் – தஜிகிஸ்தான் எல்லை, இரு நாடுகளும் எல்லை உடன்பாடு செய்துகொண்ட பின் 2025 மார்ச்சில் திறந்தது.

எனவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஒவ்வொரு எல்லைக்கும் ஒரு பக்கம். பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பக்கம் "ஆள்", மறுபக்கம் "வண்டி" என்று எழுதுங்கள். ஆளுக்கு வீசா என்ன, வண்டிக்குத் தாள் என்ன, வெளிநாட்டவரை விடும் சாவடியா, உள்ளூர்க்காரருக்கு மட்டுமா, எந்த நேரம் திறப்பார்கள், இந்தத் தகவலை எந்தத் தேதியில் சரிபார்த்தீர்கள். கடைசி வரி முக்கியம். ஆறு மாதத்துக்கு முந்தைய தகவல் பழைய தகவல்.

மாதமும் வீசாவும்

பாமிர் நெடுஞ்சாலை என்று சொல்லப்படும் எம்41ல் போகாமல் மத்திய ஆசியாவுக்குப் போனேன் என்று சொல்வதில் எனக்கு மனம் ஒப்புவதில்லை. கிர்கிஸ்தானின் ஓஷ் நகரிலிருந்து தஜிகிஸ்தானின் முர்காப் வழியாக கோரோக் போகும் சாலை அது. அதன் உச்சியான அக்-பைதால் கணவாய் 4,655 மீட்டர். ஜூனிலிருந்து செப்டம்பர் வரைதான் அங்கே நிம்மதியாக ஓட்டலாம். ஆக, ஜூன் கடைசியில் ஓஷில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்: வண்டி மே மாதக் கடைசியில் சரக்கில் ஏற வேண்டும், அதற்குமுன் தாள்கள் எல்லாம் ஏப்ரலுக்குள் கையில் இருக்க வேண்டும்.

வீசாக்களில் இரண்டு வகை. சிலது தேதி போட்டு வரும். அந்தத் தேதிக்குள் போய் அந்தத் தேதிக்குள் வெளியேற வேண்டும். சிலது மூன்று மாத இடைவெளிக்குள் எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், நுழைந்த நாளிலிருந்து கணக்கு. முதல் வகைதான் உங்கள் பயணத்தின் ஆணி. மற்றதெல்லாம் அதைச் சுற்றி நகர வேண்டும். கஜகஸ்தான் 2022 முதல் இந்தியரை 14 நாள் வீசா இல்லாமல் விடுகிறது. கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான் மூன்றும் இணையத்திலேயே வீசா தருகின்றன. தஜிகிஸ்தானுக்கு விண்ணப்பிக்கும்போது பாமிர் பகுதிக்கான கோர்னோ-படாக்ஷான் அனுமதியையும் சேர்த்துக் கேட்க மறக்காதீர்கள். அது இல்லாமல் எம்41ல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ரஷ்யா 2023 ஆகஸ்ட் முதல் இந்தியருக்கு மின்வீசா தருகிறது. அது குறிப்பிட்ட சாவடிகளில் மட்டும்தான் செல்லும் என்பதால் உங்கள் சாவடியின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் வீசா இருக்கிறதே, அதுதான் சாவி. ஐரோப்பாவுக்கு மட்டும் அல்ல, செல்லுபடியாகும் ஷெங்கன் வீசா கையில் இருந்தால் துருக்கிக்கு இணையத்தில் வீசா எடுக்கலாம், ஜார்ஜியாவிலும் வேலை எளிது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்க முடியும். எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம் என்பதையும் நோட்டில் எழுதுங்கள்.

தாள்கள்

பாஸ்போர்ட்டை முதலில் பாருங்கள். திரும்பி வரும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதம் செல்ல வேண்டும். வெற்றுப் பக்கம் குறைவாக இருந்தால் புதுப்பிக்கும்போது 60 பக்கப் புத்தகம் கேட்டு வாங்குங்கள்.

ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்க வேண்டும். அண்ணன் பெயரில், அப்பா பெயரில் இருக்கும் வண்டி என்றால் ஒவ்வொரு எல்லையிலும் விளக்கம் சொல்ல வேண்டி வரும். கடனில் வாங்கிய வண்டியாக இருந்தால் பேங்கிலிருந்து என்.ஓ.சி. வாங்குங்கள், அல்லது கடனை அடைத்துவிட்டு ஆர்.சி.யில் அடமானக் குறிப்பை நீக்குங்கள். ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் டார்ச் அடித்து வண்டியில் உள்ளதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பூஜ்யமும் ஓ எழுத்தும் மாறியிருந்தால் இங்கேயே ஆர்.டி.ஓ.வில் திருத்திக்கொள்ளலாம், கஜகஸ்தான் சுங்கத்தில் யாரிடம் போய்த் திருத்துவது?

வெளிநாட்டில் ஓட்டுவதற்கான சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஆர்.டி.ஓ.வே தருகிறது. ஓராண்டுதான் செல்லும். ஆர்வத்தில் முன்கூட்டியே எடுத்துவிடாமல் கிளம்பும் மாதத்தில் எடுங்கள். பின்பக்கம் ஒட்ட வெள்ளை நீள்வட்டத்தில் கறுப்பு எழுத்தில் நாட்டுக் குறியீடு போட்ட ஸ்டிக்கர் வேண்டும். நம்பர் பிளேட்டின் ஓரத்தில் சின்னதாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

இப்போது கார்னெட். புதியவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். விஷயம் இவ்வளவுதான்: உங்கள் வண்டி ஒரு நாட்டுக்குள் போனால் அதை அங்கே விற்றுவிட மாட்டீர்கள், இறக்குமதி வரி ஏய்க்க மாட்டீர்கள் என்பதற்கு உங்கள் நாட்டு மோட்டார் சங்கம் தரும் உத்தரவாதப் புத்தகம். வண்டிக்கு அது பாஸ்போர்ட் மாதிரி. இந்தியாவில் பலரும் போவது மும்பையின் வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷனுக்கு. வண்டியின் மதிப்பையும் போகும் நாடுகளையும் பார்த்து ஒரு தொகைக்குப் பேங்க் கேரண்டி கேட்பார்கள். தொகை பெரியது; பயணம் முடியும்வரை அந்தப் பணம் உங்களுடையது இல்லை என்று நினைத்துக்கொண்டு பட்ஜெட் போடுங்கள். விலை உயர்ந்த வண்டி வாங்கினால் கேரண்டியும் கூடும். ஷோரூமுக்குக் கடைசியில் போகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

புத்தகத்தின் ஒவ்வொரு தாளும் மூன்று துண்டாகப் பிரியும். உள்ளே நுழையும்போது சுங்க அதிகாரி கீழ்த் துண்டைக் கிழித்துக்கொண்டு மேல் துண்டில் முத்திரை குத்துவார். வெளியேறும்போது நடுத் துண்டைக் கிழித்துக்கொண்டு மேல் துண்டில் இன்னொரு முத்திரை. மேல் துண்டு புத்தகத்திலேயே தங்கும். ஒரு தாளில் இரண்டு முத்திரையும் இருந்தால்தான் அந்த நாட்டுக் கணக்கு தீர்ந்தது. கார்னெட்டை அடிக்கடி பார்க்காத சாவடிகளில் அதிகாரி தவறான துண்டைக் கிழிப்பது நடக்கும். கவுன்டரில் நின்று, அவர் கை போகும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். மரியாதையாக விரலால் சுட்டிக் காட்டுங்கள். முத்திரையில் தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு நகருங்கள்.

இரான், பாகிஸ்தான் போன்ற நாடுகள் கார்னெட் இல்லாமல் வண்டியை விடாது. நாம் பேசும் பாதையில் உள்ள நாடுகள் கேட்பதில்லை. எல்லையிலேயே தற்காலிக இறக்குமதித் தாள் போட்டுத் தருவார்கள். ஆனாலும் இந்திய வண்டியை வெளியே அனுப்பி, மறுபடி வரியில்லாமல் உள்ளே கொண்டுவர கார்னெட் இருந்தால் நம் சுங்கத்தில் வேலை சுலபம். எல்லையில் கொடுக்கும் தற்காலிகத் தாளில் ஒரு நுணுக்கம் உண்டு: ரஷ்யா, கஜகஸ்தான், கிர்கிஸ்தான், ஆர்மீனியா, பெலாரஸ் ஐந்தும் ஒரே சுங்க ஒன்றியம். அவற்றில் முதலில் நுழையும் நாட்டில் போடும் கெடுதேதியை வைத்தே மற்ற நாடுகளிலும் பார்ப்பார்கள். கவுன்டரிலேயே தேதியைப் படித்து, குறைவாக இருந்தால் கூட்டித் தரக் கேளுங்கள்.

இன்சூரன்ஸ் பற்றிச் சுருக்கமாக. நம் ஊர் பாலிசியைக் கூடுதல் பிரீமியம் கட்டி நேபாளம், பூட்டான், வங்கதேசம், இலங்கை போன்ற அண்டை நாடுகளுக்கு நீட்டிக்கலாம். அதைத் தாண்டிச் செல்லாது. மற்ற இடங்களில் எல்லையிலேயே மூன்றாம் நபர் காப்பீடு வாங்க வேண்டும். உங்களுக்கான மருத்துவக் காப்பீட்டில் இரண்டு விதிகளை உருப்பெருக்கி வைத்துப் படியுங்கள்: எத்தனை சி.சி. வண்டி வரை ஏற்பார்கள், எத்தனை மீட்டர் உயரம் வரை ஏற்பார்கள்.

வண்டியை அனுப்புவது

விமானத்தில் அனுப்பினால் கஜகஸ்தானின் அல்மாட்டிக்கோ கிர்கிஸ்தானின் பிஷ்கெக்குக்கோ அனுப்பலாம். கப்பல் மலிவு என்பார்கள். இறங்கும் துறைமுகத்தில் போடும் கட்டணங்களைக் கேட்காமல் அதை நம்பாதீர்கள். முகவரிடம் "வண்டி சாவி என் கையில் வரும்வரை மொத்தம் எவ்வளவு" என்று எழுத்தில் கேளுங்கள்.

விமானச் சரக்கில் எடையைவிட இடத்துக்குத்தான் காசு. ஒரு கன மீட்டர் இடத்தை 167 கிலோவாகக் கணக்கிடுவார்கள். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் மாதிரி வண்டியை அப்படியே பெட்டி கட்டினால் 2.2 மீட்டர் நீளம், 0.85 அகலம், 1.35 உயரம், சுமார் 420 கிலோவுக்குக் காசு கட்ட வேண்டும். வண்டியின் உண்மை எடை 200 கிலோதான். முன் சக்கரம், கண்ணாடி, விண்ட்ஷீல்டு கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பிப் படுக்க வைத்து, சைடு பாக்ஸ்களை இடுக்கில் செருகி 1.95, 0.6, 1.15 என்று அடக்கினால் 225 கிலோவுக்கு இறங்கிவிடும். பெட்டி செய்யும் தச்சரோடு நீங்களும் டேப் பிடித்து நில்லுங்கள். பெட்ரோலை வடித்துவிட வேண்டும், பேட்டரி வயரைக் கழற்றி டேப் சுற்ற வேண்டும். கழற்றியதை அங்கே மாட்டத் தேவையான ஸ்பேனர்களைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

சரக்கு தாமதமாவது சகஜம். வண்டி வந்து இறங்கும் முன்பே நீங்கள் போய் உட்கார்ந்தால் வீசா நாள்தான் தேயும்.

சரி, வண்டிக்கு வருவோம்

உங்களால் தனியாகத் தூக்கி நிறுத்த முடிகிற வண்டி நல்ல வண்டி. ஷோரூமில் அல்ல, சாமான் எல்லாம் கட்டிய பிறகு, மணலில் சாய்த்துப் போட்டுத் தூக்கிப் பாருங்கள். முடியவில்லையா, சாமானைக் குறையுங்கள். அப்போதும் முடியவில்லையா, வண்டியை மாற்றுங்கள். இந்தச் சோதனையில் ஹீரோவின் 200 சி.சி. எக்ஸ்பல்ஸ் ஜெயிக்கும், 400 சி.சி. வண்டிகள் தேறும், பெரிய வண்டிகள் பலருக்குத் தோற்கும். இன்ஜின் சக்தி கடைசிப் பிரச்சினை. நாலாயிரம் மீட்டருக்கு மேல் எல்லா இன்ஜினும் மூச்சு வாங்கும். அங்கே யாரும் வேகமாகப் போவதில்லை.

டேங்க் கணக்கு முக்கியம். ஓஷிலிருந்து முர்காப் சுமார் 420 கிலோமீட்டர். 15 லிட்டர் டேங்க், சுமையோடு மலையில் லிட்டருக்கு 25 என்று வைத்தால் 375தான் வரும். ஐந்து லிட்டர் கேன் ஒன்று வேண்டும். முர்காப் பக்கம் பெட்ரோல் கேனிலும் வாளியிலும் அளந்து விற்பதுண்டு. பழைய பனியன் துணியை நாலாக மடித்து புனலில் வைத்து வடிகட்டி ஊற்றுங்கள். உஸ்பெகிஸ்தானில் கார்கள் பெரும்பாலும் எரிவாயுவில் ஓடுவதால் நல்ல ஆக்டேன் பெட்ரோல் எல்லா இடத்திலும் கிடைக்காது. பங்க் கண்ணில் பட்டால் நிரப்புங்கள்.

ஸ்பேர் எடுக்கும்போது ஒரு விதி: அங்கே கிடைப்பதை இங்கிருந்து சுமக்காதீர்கள். ஆயிலும் பிளக்கும் பெரிய ஊரில் கிடைக்கும். உங்கள் வண்டிக்கே உரிய கிளட்ச் வயர், ஆக்ஸிலேட்டர் கேபிள், பிரேக் பேடு, லீவர்கள், ஆயில் ஃபில்டர், செயின் லிங்க், டியூப் இரண்டு ஆகியவை கிடைக்காது. புது கிளட்ச் வயரைப் பழையதோடு சேர்த்தே ஓட்டி, இரு முனையிலும் டேப் போட்டு விட்டால், அறுந்த இடத்தில் டேங்க்கைக் கழற்றாமல் முனையை மாற்றிக் கொக்கியில் மாட்டிவிடலாம். செயினும் ஸ்ப்ராக்கெட்டும் பாதி தேய்ந்திருந்தாலும் கிளம்பும் முன் புதிதாகப் போடுங்கள்.

பஞ்சர் ஒட்டத் தெரியாமல் கிளம்பவே கூடாது. தெருமுனைப் பஞ்சர் கடைக்காரரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லிவைத்து, பின் சக்கரத்தை நீங்களே கழற்றி, டயர் லீவர் போட்டு, டியூபை எடுத்து, ஒட்டி, மாட்டுங்கள். லீவரை எடுக்கும்போது புது டியூபைக் கடித்துவிடாமல் இருப்பதுதான் வித்தை. டயரின் எதிர்ப்பக்கத்தை முட்டியால் அழுத்தி, ரிம்மின் நடுப் பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டால் லீவர் பாதி பலத்தில் வேலை செய்யும். இதை யூடியூபில் பார்த்தால் புரியும், கை பழகாது.

பெட்டிகளில் நான் துணிப் பைகள் கட்சி. அலுமினியப் பெட்டி பூட்டலாம், பார்க்க அழகு. ஆனால் வண்டி சாயும்போது கால் அதன் அடியில் மாட்டினால் எலும்பு போகும்.

நேபாளத்தில் ஒத்திகை

எல்லாம் தயாரானதும் நேபாளம் ஒருமுறை போய் வாருங்கள். வீசா வேண்டாம், இந்திய வண்டிக்குக் கார்னெட்டும் வேண்டாம். சுனௌலியிலோ ரக்சௌலிலோ எல்லை தாண்டியதும் பன்சார் என்ற சுங்க அனுமதியை நாள் கணக்கில் கட்டணம் கட்டி எடுக்க வேண்டும். தங்கும் நாளைவிட இரண்டு நாள் கூட்டியே கட்டுங்கள். இந்திய நூறு ரூபாய்க்கு நேபாள 160 ரூபாய் என்பது நிலையான மாற்று. பெரிய நோட்டைத் தவிர்த்து நூறாக வைத்திருங்கள். வரிசை, படிவம், தரகர், "அந்தக் கவுன்டர் போங்க" என்ற அலைச்சல் எல்லாம் இங்கேயே பழகிவிடும். முக்கியமாக, சாமானில் எதையெல்லாம் தொடவே இல்லை என்பது தெரிந்துவிடும். திரும்பி வந்ததும் அதை வெளியே எடுத்துப் போடுங்கள்.

நேபாளம் கற்றுத் தராத ஒன்று, வலது பக்கம் ஓட்டுவது. அங்கும் நம்மைப் போல இடதுதான். மத்திய ஆசியாவில் நெரிசலான சாலையில் தப்பு வராது, முன்னால் போகிறவரைப் பார்த்துப் போய்விடுவீர்கள். காலையில் ஆளில்லாத பங்க்கிலிருந்து வெளியே திரும்பும்போதுதான் கை பழக்கத்தில் இடது பக்கம் இழுக்கும். டேங்க் மேல் ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள்.

உடம்பு, பணம், போன்

ஓஷ் சுமார் ஆயிரம் மீட்டர் உயரம். அங்கிருந்து ஒரே நாளில் 3,900 மீட்டரில் இருக்கும் கரகுல் போய்ப் படுத்தால் தலைவலியும் வாந்தியும் நிச்சயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவே சாரி-தாஷில் ஓர் இரவாவது தங்குங்கள். அதுவே மூவாயிரத்துக்கு மேல். தலைவலி கூடிக்கொண்டே போனால் ஒரே மருந்து, கீழே இறங்குவது. உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை எடுப்பதா என்பதை மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். கோடின், டிரமடால் சேர்ந்த வலி மாத்திரைகள் பல நாடுகளில் போதைப்பொருள் கணக்கில் வரும். சளி டானிக்கின் லேபிளைக்கூடப் படியுங்கள்.

வெளிநாட்டு நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை எடுத்துப் போகலாம். கசங்காத, எழுத்து எதுவும் இல்லாத புது நோட்டாகக் கேட்டு வாங்குங்கள். பழைய நோட்டை மத்திய ஆசியாவில் வாங்க மறுப்பார்கள். ரஷ்யாவில் 2022 முதல் வெளிநாட்டு பேங்க் தந்த விசா கார்டு, மாஸ்டர் கார்டு எதுவும் வேலை செய்யாது. அங்கே ஆகும் செலவைத் தனியாக ரொக்கமாக ஒதுக்குங்கள். உஸ்பெகிஸ்தானில் விடுதிகள் தரும் பதிவுச் சீட்டுகளை நாட்டை விட்டு வெளியேறும்வரை வைத்திருங்கள்.

சிக்னல் இல்லாத இடத்துக்கு ஆஃப்லைன் வரைபடம் இரண்டு செயலிகளில் இருக்கட்டும். சாட்டிலைட் செய்திக் கருவி நல்ல துணைதான், ஆனால் அனுமதியில்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள். வேண்டுமென்றால் அந்தப் பக்கம் போய் வாங்கி, திரும்பும் முன் விற்றுவிடுங்கள். டிரோனை வீட்டிலேயே விடுங்கள், உஸ்பெகிஸ்தானில் அது சிறைக்குப் போகும் சமாசாரம்.

போகிற வழியில் வேகம்

நாளொன்றுக்கு 250 கிலோமீட்டர் என்று திட்டமிடுங்கள், எல்லை வரும் நாளில் நூறு. வாரம் ஒரு நாள் வண்டி நகரவே கூடாது. செயினுக்கு எண்ணெய் போட, துணி துவைக்க, நட்டு போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்க. எல்லைக்குக் காலையில் முதல் ஆளாகப் போங்கள். ஆர்.சி., பாஸ்போர்ட், ஓட்டுநர் அனுமதி மூன்றுக்கும் நகல் பத்துப் பத்து எடுத்து டேங்க் பையில் வையுங்கள். அசல் உடம்போடு இருக்கட்டும்.

திரும்பி வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. வண்டி இந்தியாவுக்குள் வரும்போது நம் சுங்கத்தின் மறு இறக்குமதி முத்திரையைக் கார்னெட்டில் வாங்குங்கள். புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு, காலாவதியாகும் முன் சங்கத்தில் ஒப்படைத்து ரசீது கேளுங்கள். அவர்கள் சரிபார்த்து எழுத்தில் விடுவிப்புக் கடிதம் தந்த பிறகுதான் பேங்க் உங்கள் கேரண்டியை விடும். அதற்குச் சில வாரம் ஆகலாம். அடிக்கடி போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருங்கள்.